அலைக்கு யார் பட்டா கொடுத்தது?

போன மாதம் என் பேரன் பாலித் தீவுக்குப் போய்விட்டு வந்தான். கோயில்களைப் பார்க்கப் போகிறான் என்றுதான் நினைத்திருந்தேன். பையன் பாலிக்குப் பக்கத்தில் லெம்போங்கன் என்ற சின்னத் தீவில் ஒரு 'சர்ஃப் கேம்ப்'பில் பத்து நாள் தங்கிவிட்டு, முகமெல்லாம் கருத்து, முழங்காலில் பவளப்பாறை கிழித்த காயத்தோடு வந்து நின்றான். சர்ஃப் கேம்ப் என்றால் ஒன்றுமில்லை. அலை நன்றாக வரும் கரையில் குடிசையோ விடுதியோ போட்டு, சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, தினமும் படகில் ஏற்றி அலை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய் விடுவார்கள். பலகையும் வாடகைக்குக் கிடைக்கும்.

ராத்திரி சாப்பிடும்போது கதை கதையாகச் சொன்னான். நடுவில், "தாத்தா, அந்தப் பக்கத்து அலைங்களை எல்லாம் எழுபதுகள்ல ஆஸ்திரேலியாக்காரங்கதான் கண்டுபிடிச்சாங்களாம்" என்றான்.

"அதுக்கு முன்னாடி அந்த ஊர்க்காரன் கண்ணை மூடிக்கிட்டா இருந்தான்?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் வெடுக்கென்று வந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷம் மீன்வளத் துறையில் குப்பை கொட்டியவன் நான். கடற்கரையில் எதையாவது யாராவது 'கண்டுபிடித்தேன்' என்று சொன்னால் எனக்குக் காது கூசும். பையன் முகம் சுருங்கிவிட்டது. அதனால் பிராயச்சித்தமாக மூன்று வாரம் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் படித்தேன். படித்ததை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் அலை. நம் மீனவர்கள் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டைப் 'பார்' என்பார்கள். ஆழ்கடலிலிருந்து வரும் அலைக்கு ஆழம் குறைந்ததும் அடிப்பாகம் தடைப்படும், மேல்பாகம் முன்னால் சாய்ந்து உடையும். நம் மெரினா போன்ற மணற்கரையில் அது பெரும்பாலும் ஒரே நீளமாக, ஒரே நேரத்தில் தொப்பென்று விழுந்துவிடுகிறது. பவளப்பார் ஒன்று அலை வரும் திசைக்குச் சாய்வாகக் கிடந்தால் கதையே வேறு. அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி, பாய் சுருட்டுவதுபோல மறுமுனை வரை சுருண்டுகொண்டே போகும். அந்தச் சுருளுக்கு முன்னால் பலகைமேல் நின்று வழுக்கிக்கொண்டு போவதுதான் இவர்கள் விளையாட்டு. ஜாவா, பாலிக் கரைகளுக்கு இந்த அலையை அனுப்புவது இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், அண்டார்டிகா பக்கம் வீசும் புயல்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து வருகிறது. கன்னியாகுமரிப் பக்கத்திலும் கேரளத்திலும் காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறி வீட்டுக்குள் வருமே, 'கள்ளக்கடல்' என்று, அதுவும் அந்தத் தெற்குப் புயல்களின் பிள்ளைதான். அங்கே விளையாட்டு, இங்கே வீடு போகிறது.

பலகை விளையாட்டு ஹவாய்க்காரர்களுடையது. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி, 1779இல் ஹவாய் மக்கள் பலகையில் அலைமேல் வருவதைப் பார்த்து விரிவாக எழுதி வைத்தார். அங்கே அரசன் முதல் ஆண்டி வரை, ஆண் பெண் பேதமில்லாமல் எல்லோரும் விளையாடியிருக்கிறார்கள். தலைவர்களுக்கு 'ஓலோ' என்ற நீளப் பலகை, மற்றவர்களுக்குக் குட்டையான, மெல்லிய பலகை. இந்தக் குட்டைப் பலகையின் பெயர் 'அலையா'! நம் அலைக்கும் அதற்கும் தொடர்பு என்று தயவுசெய்து யாரும் வாட்ஸ்அப்பில் கிளப்பிவிடாதீர்கள், வெறும் ஒலி ஒற்றுமை. ஆனால் ஆங்கிலத்தில் 'சர்ஃப்' என்ற சொல் முதன்முதலில் இந்தியக் கடற்கரை அலைகளைப் பற்றித்தான் எழுதப்பட்டது என்று அகராதிக்காரர்கள் சொல்கிறார்கள். துறைமுகம் இல்லாத பழைய மதராஸில் மசூலா படகில் ஏறி, குடல் வாய்க்கு வர அலையைத் தாண்டிக் கரையேறிய துரைமார்களுக்கு அந்தச் சொல் நிறையவே தேவைப்பட்டிருக்கும்.

வெள்ளைக்காரர் கப்பல்கள் ஹவாய்க்கு அம்மையையும் மற்ற நோய்களையும் கொண்டுவந்தன. 1820இல் பாதிரிமார்கள் வந்தார்கள். அவர்களுக்கு இந்த அரைகுறை உடை விளையாட்டு பிடிக்கவில்லை. ஆனால் விளையாட்டைக் கொன்றது உபதேசத்தைவிட நோய்தான் என்பது என் எண்ணம். விளையாட ஆள் இருந்தால்தானே? லட்சக்கணக்கில் இருந்த ஹவாய்க்காரர்கள் 1890 கணக்கெடுப்பில் கலப்பினத்தாரையும் சேர்த்துச் சுமார் 40 ஆயிரம் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். 1893இல் அவர்கள் ராணியைப் பதவியிறக்கினார்கள். 1898இல் அமெரிக்கா தீவுகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. பிறகுதான் வைகிகி கடற்கரையில் ஓட்டல் எழும்புகிறது, சுற்றுலாப் பயணி வருகிறார், அவருக்கு விளையாட்டு வேண்டியிருக்கிறது. 1908இல் அங்கே அலைச்சறுக்குக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள், 'அவுட்ரிகர் கேனோ கிளப்' என்று. உறுப்பினர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். விளையாட்டின் சொந்தக்காரர்கள் 'ஹுயி நாலு' என்று தங்களுக்குத் தனியாக ஒன்று வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த ஹுயி நாலுவின் பிள்ளைதான் டியூக் கஹானமோக்கு. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கியவர். 1914-15இல் ஆஸ்திரேலியாவுக்கு நீச்சல் காட்டப் போன இடத்தில், சிட்னி ஃப்ரெஷ்வாட்டர் கடற்கரையில் உள்ளூர் பைன் மரத்துக் கடையிலிருந்து ஒரு பலகை வாங்கிச் செதுக்கி, அலைமேல் நின்று காட்டினார். அந்தப் பலகையை இன்னும் அங்குள்ள உயிர்காப்புச் சங்கத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அறுபது வருஷத்துக்குப் பிறகு பாலியில் வந்து 'கண்டுபிடித்த' ஆஸ்திரேலியர்களுக்கு வித்தை போட்டவர் ஹவாய்க்காரர் என்பதைப் பேரனிடம் சொல்லிவைத்தேன்.

டியூக் பலகையை ஏன் கையோடு கொண்டுபோகாமல் அங்கே போய்ச் செதுக்கினார் என்று யோசித்தேன். மரம் என்றால் கனம். 1930 வாக்கில் டியூக் வைத்திருந்த பெரிய பலகை 16 அடி நீளம், 114 பவுண்டு. அதாவது ஐம்பத்திரண்டு கிலோ. என் மனைவியின் எடை. அதைத் தூக்கிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது? அதே சமயத்தில் டாம் பிளேக் என்பவர் உள்ளே குடைந்த பலகை செய்து எடையைக் குறைத்தார். 1935இல் அடியில் ஒரு துடுப்பு போன்ற செதிலும் வைத்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பால்சா மரம், மேலே ஃபைபர்கிளாஸ். ஐம்பதுகளின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹோபி ஆல்டரும் கோர்டன் கிளார்க்கும் பாலியூரித்தேன் நுரையில் பலகை செய்ய வழி கண்டார்கள். நம் ஃபைபர் படகுகள் கட்டுமரத்தை ஓரங்கட்டிய கதையை நேரில் பார்த்தவன் நான். மரத்தின் இடத்தில் இந்தப் பிசின் வந்ததும் எத்தனை சீக்கிரம் எல்லாம் தலைகீழாகும் என்பது எனக்குத் தெரியும். 1967க்குப் பிறகு பலகையின் நீளமும் குறைந்தது. ஒருவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு விமானம் ஏறலாம் என்று ஆயிற்று. உலகம் சுற்றும் சர்ஃபர் என்ற பிறவியே அந்த நுரையிலிருந்துதான் பிறந்தது.

(அந்த நுரைக்கு ஒரு பின்கதை. அமெரிக்காவின் பெரும்பாலான பலகைகளுக்கு நுரைக்கட்டை கொடுத்துவந்த கிளார்க், 2005 டிசம்பர் 5ஆம் தேதி முன்னறிவிப்பில்லாமல் தொழிற்சாலையை மூடிவிட்டார். பலகை செய்பவர்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரே கடையை நம்பியிருந்தால் அப்படித்தான். இப்போது தாய்லாந்திலிருந்து ஏகப்பட்ட பலகைகள் வருகின்றன.)

நுரைப் பலகைக்கு முன்பே, பாலியில் ஒரு கேம்ப் இருந்தது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1936இல் பாப் கோக் என்ற அமெரிக்கரும் பின்னாளில் அவர் மனைவியான லூயிஸும் சுற்றிப்பார்க்கப் பாலிக்கு வந்தார்கள். கூட்டா கடற்கரையில் ஆளே இல்லை. மூங்கிலும் கூரையும் கொண்டு சில குடில்கள் கட்டி 'கூட்டா பீச் ஓட்டல்' என்று பெயர் வைத்தார்கள். கோக் ஹாலிவுட்டில் வேலை பார்த்தவர், ஹவாயில் பலகை பழகியவர். விருந்தாளிகளுக்கும் கற்றுக்கொடுத்தார். பாலியில் பலகைமேல் நின்ற முதல் ஆள் அவர்தான் என்கிறார்கள். 1942இல் ஜப்பானியர் வந்தார்கள், தம்பதி தப்பி ஓடினார்கள், போர் முடிந்தபோது ஓட்டல் இல்லை. லூயிஸ் எழுதிய நினைவுக் குறிப்பு 1987இல்தான் புத்தகமாக வந்தது. இடையில் முப்பது வருஷம் அந்தக் கரையில் அலைகள் பாட்டுக்கு வந்து உடைந்துகொண்டிருந்தன.

அறுபதுகளில் புரூஸ் பிரவுன் என்பவர் எடுத்த 'தி எண்ட்லெஸ் சம்மர்' என்ற படம் 1966இல் அமெரிக்காவெங்கும் ஓடியது. இரண்டு பையன்கள் பலகையோடு கோடைக்காலத்தைத் துரத்திக்கொண்டு செனகல், கானா, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, டஹிதி என்று போவார்கள். நல்ல படம், யூடியூபில் துண்டு துண்டாகப் பார்த்தேன். ஆனால் ஆப்பிரிக்கக் கரையில் நிற்கும் ஊர்க்காரர்களைப் பற்றிப் பின்னணியில் சொல்லும் கிண்டல் இன்று கேட்க நன்றாக இல்லை. எப்படியோ, அந்தப் படம் பார்த்த தலைமுறைக்கு, தெரியாத கரையில் யாரும் தொடாத அலை ஒன்று காத்திருக்கிறது என்ற கனவு ஒட்டிக்கொண்டது. 1969இல் பாலியின் விமான நிலையம் பன்னாட்டு விமானங்களுக்குத் திறந்தது. 1971இல் ஆல்பி ஃபால்சன் என்ற ஆஸ்திரேலியப் படக்காரர், ஒரு அமெரிக்கரையும் ஒரு பள்ளிக்கூடப் பையனையும் உலுவாத்து என்ற செங்குத்துப் பாறைக் கரையின் அலையில் இறக்கிப் படம்பிடித்தார். அந்தப் பாறை உச்சியில் நூற்றாண்டுகளாக ஒரு கோயில் இருக்கிறது. கடலைப் பார்த்தபடி பூஜை நடக்கும் கோயில். அதற்குக் கீழே இருந்த அலையைத்தான் 'கண்டுபிடித்தார்கள்'.

அடுத்தது கிழக்கு ஜாவா. 1972இல் பாப் லாவர்ட்டி என்ற அமெரிக்கர் விமான ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, கிராஜகான் வளைகுடாவின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக ஒழுங்கான வரிகள் தெரிந்தன. பில் போயம் என்ற நண்பரோடு அங்கே போய்ச் சேர்ந்தார். கரைக்குப் பின்னால் அலாஸ் பூர்வோ என்ற பெருங்காடு. ஊர் இல்லை, குடிநீர் இல்லை. லாவர்ட்டி கொஞ்ச காலத்திலேயே உலுவாத்துக் கடலில் இறந்துபோனார். பில்லின் அண்ணன் மைக் போயம் அந்தக் காட்டில், விலங்குகளுக்குப் பயந்து உயரக் கால்கள் நட்ட மூங்கில் குடிசைகள் போட்டு, காசு வாங்கிக்கொண்டு ஆள் சேர்த்தார். எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. காட்டுக்குள் தங்கி அலையேறும் கேம்ப் என்றால் உலகத்தில் முதலில் சொல்வது இதைத்தான். 'ஜி-லேண்ட்' என்று பெயராகிவிட்டது. போயம் பின்னாளில் பிலிப்பைன்ஸின் சியர்காவோ தீவில் நீண்ட உபவாசம் இருந்து 1989இல் இறந்தார். கேம்ப்பை எடுத்து நடத்தியவர் பாலிக்காரரான பாபி ரடியாசா. சமையலும் படகும் மட்டும் உள்ளூர்க்காரன் கையில் இருந்த தொழிலில் கல்லாப்பெட்டியும் கைமாறியது இங்கேதான் என்று நினைக்கிறேன். படித்ததில் எனக்குப் பிடித்த இடம் இது.

1994 ஜூன் 3, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல், ஜாவாவுக்குத் தெற்கே கடலுக்கடியில் பூமி அதிர்ந்தது. அதிர்வு பெரிதாக உணரப்படவே இல்லை. பிறகு சுனாமி. ஜி-லேண்டில் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் குடிசையோடு வாரிக் காட்டுக்குள் எறிந்தது. அடிபட்டார்களே தவிர, அங்கே தங்கியிருந்த சர்ஃபர்கள் பிழைத்துவிட்டார்கள். அந்த அனுபவம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் இருக்கின்றன. அதே கரையில் மீன்பிடிக் கிராமங்களில் 200க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பான்சர், ராஜேக்வேசி, லம்போன் என்று ஊர்ப் பெயர்களைத் தேடிப்பிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. 2004 டிசம்பருக்குப் பிறகு நம் கரையில் இருப்பவர்களுக்கு அந்த இரவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மறு வருஷமே, 1995இல், ஜி-லேண்டில் உலகப் போட்டி நடந்தது. கெல்லி ஸ்லேட்டர் ஜெயித்தார்.

பாலியிலும் ஜாவாவிலும் அலை யாருக்குச் சொந்தம் என்று யாரும் வெளிப்படையாகக் கேட்கவில்லை. அதைச் சட்டமாகவே கேட்ட இடம் பசிபிக்கில் இருக்கிறது, ஃபிஜி. 1982இல் டேவ் கிளார்க் என்ற அமெரிக்க ஆசிரியர் தவருவா என்ற இதய வடிவக் குட்டித் தீவின் அலையைப் பார்த்தார். இன்னொரு அமெரிக்கரான ஸ்காட் ஃபங்கோடு சேர்ந்து 1984இல் அங்கே விடுதி திறந்தார். (முன்னே சொன்ன நுரை கிளார்க் வேறு, இவர் வேறு.) ஃபிஜியில் நிலம் பெரும்பாலும் குலங்களுக்குப் பொதுச்சொத்து. கரையோரக் கடலில் எந்தப் பகுதியில் எந்தக் குலம் மீன்பிடிக்கலாம் என்பதற்கும் பாரம்பரிய உரிமை உண்டு. அதை 'கோலிகோலி' என்கிறார்கள். கிளார்க் அந்தக் குலங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டார். ஊருக்குப் பணம் போகும். அதற்குப் பதிலாக, 'கிளவுட்பிரேக்' என்ற பெரிய அலையிலும், விடுதியின் சாப்பாட்டுக் கூடத்துக்கு எதிரே இருப்பதால் 'ரெஸ்டாரண்ட்ஸ்' என்று பெயர் பெற்ற அலையிலும் விடுதி விருந்தாளிகள் மட்டும்தான் ஏறலாம். மற்றவர் வந்தால் படகு வந்து திருப்பி அனுப்பும்.

இதைப் படித்தபோது எனக்குப் பழவேற்காடு நினைவுக்கு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே இருந்தேன். ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களுக்குப் 'பாடு' என்று பெயர். எந்த நாள் யார் எந்தப் பாட்டில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். அரசாங்கப் புத்தகத்தில் அந்த ஏரி 'பொது நீர்நிலை'. இளம் அதிகாரியான நான் ஒரு பெரியவரிடம், "தண்ணி எல்லாருக்கும் பொதுதானே ஐயா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தண்ணி பொதுதான் சார். வலையை இறக்கச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். அன்று எனக்குப் புரியவில்லை.

ஃபிஜியில் அந்தத் தகராறு ஆட்சியையே ஆட்டியது. கடலடி நிலத்தின் உரிமையையும் குலங்களுக்கே கொடுக்க 2006இல் ஒரு மசோதா வந்தது. ஓட்டல்காரர்கள் அலறினார்கள். ராணுவத் தளபதி பைனிமராமா அதை எதிர்த்தார், அந்த டிசம்பரில் ஆட்சியைப் பிடித்தார். புரட்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் இதுவும் ஒன்று. 2010இல் அவர் அரசு, அலைச்சறுக்கு இடங்களுக்கென்றே ஓர் ஆணை போட்டது. தனி ஒப்பந்தங்கள் செல்லாது, அலை யாவருக்கும் பொது. உலகமெங்கும் சர்ஃபர்கள் கொண்டாடினார்கள். விடுதிக்குக் காசு கட்ட முடியாத உள்ளூர்ப் பையன்களும் கிளவுட்பிரேக்குக்குப் போக முடிந்தது. அது நியாயம்தான். ஆனால் தங்கள் கடலை வைத்துப் பேரம் பேச அந்தக் கிராமங்களுக்கு இருந்த பிடி தளர்ந்துபோனது. 'பொது' என்று சொன்னதும் முதலில் வந்து சேர்பவர் படகும் பணமும் வைத்திருப்பவர்தான். இதில் யார் பக்கம் நிற்பது என்று எனக்கு இன்னும் முடிவு கட்டத் தெரியவில்லை.

தவருவாவுக்குப் போகிறவர்கள் எல்லோரும் நாடி விமான நிலையத்தில்தான் இறங்க வேண்டும். அந்த நாடி ஊரில்தான், கடைத்தெரு முடியும் இடத்தில், கோபுரமும் வண்ணச் சிலைகளுமாக சிவசுப்பிரமணிய சுவாமி கோயில் இருக்கிறது. 1903 முதல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வம்சம் கும்பிடுகிற முருகன். கரும்பு வெட்டப் போனவர்களுக்கு நிலம் சொந்தமாகவில்லை, குத்தகைதான். அந்தத் தீவில் எது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நம் ஆட்களும் ஒரு பக்கம்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை பேரனிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். லெம்போங்கனில் அலைகளுக்கு என்ன பெயர் என்று கேட்டேன். 'ஷிப்ரெக்ஸ்', 'லேசரேஷன்ஸ்', 'பிளேகிரவுண்ட்ஸ்' என்று அடுக்கினான்.

"அந்த ஊர்க்காரங்க அந்த இடத்தை என்னன்னு கூப்பிடுவாங்க?"

யோசித்தான். அவனைத் தினமும் கூட்டிப்போன படகோட்டியின் அப்பா, அலைக்கும் கரைக்கும் நடுவே ஆழமில்லாத தண்ணீரில் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்த்தவராம். படகு போகும்போது அந்தக் கயிறுகள் அறுபடாமல் சுற்றிக்கொண்டுதான் போவாராம். பெயர் மட்டும் கேட்கவில்லையாம்.

"கேட்டுச் சொல்றேன் தாத்தா" என்று போனை எடுத்துப் படகோட்டிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினான். இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. பதில் இன்னும் வரவில்லை. அங்கே இப்போது நல்ல அலைப் பருவம், வேலை நெருக்கடியாக இருக்கும்.